ஜங்ஷன் கடைக்கு யார் வந்தார்கள்

எங்கள் விருதுநகரில் ஜங்ஷன் முகப்பில் புதிதாகக் கட்டிய கடைகளை மொத்தமாகக் குத்தகை எடுத்தவர், என் தங்கையிடம் சொன்னது வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "ரயிலுக்குப் போறவுக வருவாக, டூரிஸ்ட்டு வருவாக, ஊர்க்காரக சாயங்காலம் காத்து வாங்கவே வருவாக. நீங்க கல்லாவுல உக்காந்தா போதும்." நாக்கில் தேன் தடவிக்கொண்டுதான் வந்திருந்தார்.

தங்கை நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வெடிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தவள். பக்கத்து அறை வெடித்த அன்று அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். இனி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று வந்துவிட்டாள். உயிருக்குப் பயமில்லாத ஒரு பிழைப்பு வேண்டும், அவ்வளவுதான். காராச்சேவும் கருப்பட்டி மிட்டாயும் வைத்துக் கடையைத் திறந்தோம்.

வந்தார்களா? நான் தினமும் வேலைக்கு மதுரைக்கு ரயில் ஏறுகிறவள். காலையில் எங்களுக்குக் கடையா கண்ணில் படும்? ஓடிப்போய் ஏறினால் போதும். டூரிஸ்ட்டுகள் ரயிலை விட்டே இறங்கவில்லை. போனைத் தட்டினால் சீட்டுக்கே சோறு வருகிறது. ஊர்க்காரர்கள் மட்டும் வந்தார்கள். பஜாரில் வாங்கிய காராச்சேவைப் பிரித்து, தங்கை கடை முன்னாலேயே பெஞ்சில் உட்கார்ந்து தின்றார்கள். அங்கே ஃபேன் நன்றாகச் சுற்றுகிறதாம்! எனக்கு வயிறு எரிந்தது. தங்கை ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கடையைத் தூக்கி நிறுத்தியது சிவகாசியிலிருந்து வரும் சாயங்கால ரயில்தான். அதில் இறங்கும் கம்பெனிப் பெண்கள், பழைய கூட்டாளி கடை போட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் வந்து மொய்த்துக்கொண்டார்கள். "ஏ புள்ள, எம்புட்டு இருக்கோ அம்புட்டையும் கட்டு." எவ்வளவு தேய்த்தாலும் போகாத அலுமினியப் பவுடர் அவர்கள் விரலில் மின்னும். அந்த விரலால் பலகார அலமாரிக் கண்ணாடியைத் தொட்டுக் காட்டிப் பிள்ளைகளுக்கு வாங்கிப் போவார்கள். தங்கை சிரிக்க ஆரம்பித்தாள்.

அது பொறுக்கவில்லை குத்தகைக்காரருக்கு. நான் இருக்கும்போதே வந்து நின்றார்.

"இங்கன இதுக கூட்டமா நின்னா டூரிஸ்ட்டு எப்படி வருவாக? கண்ணாடியெல்லாம் அழுக்கு. வெளிய நிறுத்துங்க. முடியலைன்னா கடையக் காலி பண்ணுங்க."

"வராதவனுக்காக வர்றவுகள வெரட்டச் சொல்றீகளா?" என்று கத்தினேன். டிக்கெட் வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. தங்கையின் பதிலுக்குத்தான் நின்றார்.

அவள் கத்தவில்லை. "அவுககூட ஒரே அறையில உக்காந்து மருந்து அடைச்சவ நான். வெளிய நில்லுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க" என்றாள். கடைச் சாவியைக் கல்லா மேல் வைத்துவிட்டு இறங்கினாள்.

இப்போது அங்கே பிளாஸ்டிக் டப்பாவில் கேக் விற்கிறார்கள். கண்ணாடி பளபளவென்று இருக்கிறது, தொட ஆளில்லை. அதைத் தாண்டும்போதெல்லாம் கல்லை விட்டு எறியலாமா என்று கை துறுதுறுக்கிறது.

தீபாவளி சீசனுக்கு ஆள் போதவில்லை என்று கம்பெனியில் கூப்பிட்டார்கள். தங்கை போய்விட்டாள், அதே மருந்து அறைக்கு. மதுரை ரயில் என்னைச் சீக்கிரமே இறக்கிவிட்டுவிடும். நான் வீட்டுக்குப் போவதில்லை. சிவகாசி ரயில் வந்து, இறங்கும் கூட்டத்தில் அவள் தலை தெரிகிறவரை என் உயிர் என்னிடம் இல்லை.