ரெண்டேகால் பஸ்ஸுக்கு நின்றவர்கள்

அப்துல் அஹத்திடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் அப்புறம் கவலைப்பட வேண்டாம். சொன்னதைச் செய்வார். சொல்லாததைச் சத்தியமாகச் செய்ய மாட்டார். இருபது வருஷம் சவூதியில், தம்மாமில் ஒரு கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்த்தவர். அங்கே படிந்த பழக்கம், திருச்சிக்குத் திரும்பிய பிறகும் போகவில்லை. ஐம்பத்தாறு வயதில் அவருக்கு ஒரு வேலை கிடைத்ததே அதனால்தான்.

வேலை இதுதான். வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது, அதற்குத் தக்கபடி பஸ் நேரங்களை மாற்ற வேண்டும் என்று மேலே முடிவெடுத்திருந்தார்கள். எந்த நேரத்தில் எங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணித் தர ஒரு தனியார் கம்பெனி ஒப்பந்தம் எடுத்தது. ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து, கம்பெனி அஹத்தை முசிறி சாலையில் வாய்க்கால் பாலம் ஸ்டாப்புக்கு அனுப்பியது. ஸ்டாப் பலகையிலிருந்து பத்தடிக்குள் நிற்பவர்களை மட்டும் எண்ணவும் என்று படிவத்தின் தலையிலேயே அச்சடித்திருந்தது.

மே மாதம். ஸ்டாப்பில் நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இருந்த புளியமரம் சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. கால் மணி நேரம் நின்ற அஹத்துக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

"பாய், அங்க ஏன் வேகுறீங்க? இப்படி வந்து நில்லுங்க!"

அறுபதடி தள்ளி வாழைக்காய் மண்டியின் சுவரோரம் நிழல் விழுந்திருந்தது. கூப்பிட்டவள் அழகம்மாள். அவளைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கடைகளில் மத்தியான ஷிப்டுக்குப் போகிற பெண்கள், எல்லோரும் ரெண்டேகால் பஸ்ஸுக்கு. பலகையாவது ஒன்றாவது! டிரைவரே மண்டி முன்னால் வந்து நிறுத்தி ஏற்றிக்கொள்வார்.

அழகம்மாள் திருவானைக்காவலில் இறங்கி ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ் பிடிப்பாள். அங்கே ஒரு மெஸ்ஸில் மூன்றரையிலிருந்து பாத்திர வேலை. "இந்த வண்டிய விட்டா அடுத்தது நாலரைக்கு. அப்புறம் அந்த அம்மா என்னை உள்ளயே விடாது பாய்" என்று சிரித்தாள். தூக்குவாளியிலிருந்து அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்தாள்.

அஹத் மோரைக் குடித்தார். அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே நின்றுகொண்டு, தூரத்துப் பலகையைப் பார்த்து, ரெண்டேகால் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினார். எண்ணப் போன பத்து நாளும் அப்படித்தான். அட மனுஷா, தோளை இடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் என்ன வாழைத்தாரா? அவருக்கே ஒருநாள் உறுத்தியது. ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆகஸ்டில் புது அட்டவணை வந்தது. நடுப்பகலில் மக்கள் வெளியே வருவதில்லை என்று ஆய்வில் தெரிந்ததாம். அதனால் அந்தச் சாலையில் பன்னிரண்டிலிருந்து நாலு வரை வண்டிகளைக் குறைத்து, காலையிலும் மாலையிலும் கூட்டியிருந்தார்கள். வெயிலிலிருந்து மக்களைக் காப்பாற்றுகிறார்களாம். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒட்டியிருந்ததை அஹத் இரண்டு முறை படித்தார். ரெண்டேகால் பஸ் இல்லை.

அன்றே கம்பெனிக்கு ஓடினார். மேற்பார்வையாளர் சித்தார்த்தன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை.

"சரி பாய், திருத்தம் அனுப்பலாம். அந்தச் சுவரோரம் எத்தனை பேர் நின்னாங்க?"

பதினைந்தா? இருபத்தைந்தா? அஹத்துக்கு முகங்கள் ஞாபகம் இருந்தன.

"எண்ணலை சார்."

"பத்து நாளும் அவங்க கூடவேதானே நின்னீங்க?"

"ஆமா சார். எண்ணலை."

குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. மனிதர் அப்படியே பழகிவிட்டார்.

"அப்ப இன்னொரு நாள் போய் எண்ணிட்டு வாங்க. இந்தத் தடவை நிழல்ல நிக்கிறவங்களையும் சேத்துக்குங்க" என்று சித்தார்த்தன் புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்.

மறுநாள் அஹத் ஒன்றரைக்கே போய்விட்டார். மண்டிச் சுவரோரம் நிழல் இருந்தது. ஒரு ஆள்கூட இல்லை. ரெண்டேகால் ஆயிற்று, மூன்றும் ஆயிற்று. மண்டிக்குள் வாழையிலை கட்டிக்கொண்டிருந்த அழகம்மாள் அவரைப் பார்த்து வெளியே வந்தாள். மெஸ் வேலை போய்விட்டது, இப்போது இங்கேதான் என்றாள்.

"யாரையும் காணோமேம்மா?"

"பஸ்ஸே இல்லாத நேரத்துல யாரு பாய் வந்து நிப்பா?" அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். "எங்க பஸ்ஸுக்காகவா வந்திருக்கீங்க?"

"ஆமாம்மா."

"நல்லா இருப்பீங்க பாய். இத்தனை நாள்ல ஒருத்தர் எட்டிப் பாக்கல. நீங்களாச்சும் வந்தீங்களே."

அன்றைக்குப் பூஜ்யம் எழுதியது நான்தான் என்று சொல்லிவிட அஹத் வாயெடுத்தார். உள்ளிருந்து யாரோ கூப்பிட, அவள் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவர் சுவரோரம் தனியாக நின்று, ரெண்டேகால் கட்டத்தில் மறுபடியும் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.