எதிரொலிக்குக் கணக்குப் போட்டவர்

எங்கள் மெல்லிசைக் குழுவில் எக்கோ வைப்பது என் வேலை. பாடகியின் குரல் தாளத்தோடு திரும்பி வர வேண்டும். பிசகினால் பாட்டே குழறிவிடும். பாதிப் பாட்டு வரை எக்கோ பெட்டியின் குமிழைத் திருகித் திருகிக் காதால்தான் பிடிப்பேன்.

குற்றாலத்தில் ஒரு கச்சேரிக்கு, வாடகை சவுண்ட் மிக்சரோடு கடையநல்லூர்க்காரர் ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், சாரல் படிந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒத்திகையில் டிரம்ஸைக் கேட்டார், செல்போனில் எதையோ வகுத்தார், மிக்சரில் ஓர் எண்ணைத் தட்டினார். முதல் வரியிலேயே எக்கோ தாளத்தில் உட்கார்ந்தது. பாடகி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. “என்ன வே, பாட்டுக்குக் கணக்கா போடுதீரு?”

“நிமிசத்துக்கு அறுபதாயிரம் மில்லிசெகண்ட், அண்ணாச்சி. இந்தப் பாட்டுல நிமிசத்துக்கு நூறு தட்டு. வகுத்தா தட்டுக்கு அறுநூறு. குரல் அம்புட்டு நேரம் கழிச்சுத் திரும்பணும்.”

அதே பாட்டுக்குப் போன கச்சேரியில் நான் வைத்த எண் என் பெட்டியில் அப்படியே இருந்தது. எட்டிப் பார்த்தார்.

“காதாலயே அறுநூறு வச்சிருக்கியளே! எனக்கு அது வராது, அண்ணாச்சி.”

மனதாரத்தான் சொன்னார். குறை சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

இப்போதும் காதால்தான் வைக்கிறேன். பிறகு யாரும் பார்க்காதபோது செல்போனில் வகுத்துப் பார்க்கிறேன். சரியாக வரும்போதெல்லாம் அவர் மேல் ஆத்திரம் வருகிறது.