அலமாரிக் கதவு சுடுது

அவரைத் தொழிலில் எல்லாரும் 'கண்ணுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பார்வையில் ஒரு குறையும் கிடையாது. வசதியான வீடுகளில் சுவரில் டிவி மட்டும்தான் தெரிய வேண்டும். ஆம்ப்ளிஃபயர், செட்டாப் பாக்ஸ், மூட்டை மூட்டையாக ஒயர் எல்லாம் மறைந்துபோக வேண்டும் என்பார்கள். அவர் அத்தனையையும் ஓர் அலமாரிக்குள் அடுக்கிக் கதவைச் சாத்திவிடுவார். ரிமோட்டின் ஒளி மரக்கதவைத் தாண்டாது. அதற்காக டிவிக்குக் கீழே மிளகளவு சென்சார் ஒன்றைப் பதித்து, சுவருக்குள்ளேயே ஒயர் இழுத்து, அலமாரிக்குள் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பொட்டு மாதிரி ஒரு குட்டி விளக்கை ஒட்டுவார். சோபாவில் சாய்ந்தபடி அழுத்தினால் போதும். சென்சார் வாங்கிக்கொண்டுபோய்ப் பெட்டியிடம் சொல்லிவிடும். அந்தச் சென்சாருக்குத்தான் அவர் 'கண்ணு' என்று பெயர் வைத்திருந்தார்.

"கண்ணு வச்சாச்சுங்க. இனிமே யார் கண்ணும் படாது" என்பார், வேலை முடிந்ததும். இருபத்திரண்டு வருஷமாக அதே வார்த்தை, அதே சிரிப்பு.

பல் டாக்டர் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார். ஹாலுக்கும் டாக்டருடைய அப்பாவின் அறைக்கும் நடுவில் ஒரு சுவரலமாரி. இந்தப் பக்கம் ஒரு டிவி, அந்தப் பக்கம் ஒரு டிவி, இரண்டுக்கும் பெட்டிகள் அந்த ஒரே அலமாரிக்குள். பெரியவருக்கு எண்பத்துநாலு வயது. நிலம் அளக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலோடு சரி. அவர் படுத்த வாக்கிலேயே ரிமோட்டைச் சுவரைப் பார்த்து நீட்டி அழுத்திவிட்டு, படம் வந்ததும் சிரித்தார்.

"தம்பி, கடவுளும் இப்படித்தான் எங்கயோ அலமாரிக்குள்ள உக்காந்திருக்கார் போல. நானும் அம்பது வருஷமா அமுத்திக்கிட்டுதான் இருக்கேன். நடுவுல எங்கயோ ஒயர் விட்டுப்போச்சு."

கண்ணுக்காரருக்கு அந்த மனிதரை ரொம்பவே பிடித்துப்போனது.

அலமாரியில்தான் ஒரு சிக்கல். பெட்டிகள் சூடாகும், சூடு வெளியே போக வழி வேண்டும். "கதவுல காத்துப் போக நாலு கீத்து வெட்டணும்மா" என்று டாக்டரின் மனைவியிடம் சொன்னார். இழைத்து இழைத்துப் பளபளவென்று செய்த கதவு அது. அந்தம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். சரி என்று கண்ணுக்காரர் உள்ளே மேல்தட்டில் ஒரு சின்ன மின்விசிறி வைத்து, சூட்டைத் தாழ்வாரப் பக்கம் தள்ளினார். அது ஓடும்போது லேசாக முனகியது. படம் பார்க்க உட்கார்ந்தால் காதில் வண்டு குடைகிற மாதிரி இருக்கிறது என்றார் அந்தம்மா. கண்ணுக்காரர் விசிறியின் பிளக்கை உருவிவிட்டார்.

"நாளைக்கே சத்தமில்லாததா ஒண்ணு கொண்டாந்து மாட்டிடுறேன்மா."

மறுநாளே வாங்கியும் விட்டார். ஆனால் அன்றைக்குத்தான் பதினெட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடி வேலை ஒன்று வந்தது. விசிறிப் பெட்டி வேனுக்குள் ஒயர்ச் சுருள்களுக்குப் பின்னால் ஒதுங்கியது. நாளைக்கு என்பது அடுத்த வாரமாகி, அடுத்த வாரம் அடுத்த மாதமானது.

இடையில் பெரியவர் இரண்டு தடவை ஃபோன் செய்தார்.

"தம்பி, பெட்டிய அணைச்சுப் போட என்னைப் பாத்துக்குற பொண்ணு போனப்போ கதவைத் தொட்டுப் பாக்கச் சொன்னேன். அலமாரிக் கதவு சுடுதுன்னு சொல்றா."

"அடுத்த வாரம் வந்துடுறேங்கய்யா."

இரண்டாவது தடவையும் அதையேதான் சொன்னார். ஏணிமேல் நின்றபடி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டு.

ஒரு மத்தியானம் அலமாரி பற்றிக்கொண்டது. டாக்டர் கிளினிக்கில் இருந்தார்; அந்தம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். இருபது நிமிஷம்தான். நெருப்பு அவர் கட்டில் வரைக்கும் வரவே இல்லை. புகை போதுமானதாக இருந்தது.

தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, காற்றே போகாமல் அடைத்துவைத்த அலமாரி, சூடேறிப் பற்றியிருக்கிறது என்று எழுதினார். உள்ளே இருந்ததெல்லாம் உருகி ஒரே கட்டியாகக் கிடந்தது. விசிறி ஒன்று இருந்ததா, அது ஓடியதா என்றெல்லாம் கேட்க ஆளில்லை.

அடக்கம் முடிந்த இடத்தில் டாக்டர் கண்ணுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. கீத்து வெட்டணும்னு அன்னைக்கே சொன்னீங்க. அழகு கெட்டுப்போகும்னு இவதான் விடல." அந்தம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றார். காதில் விழுந்தது முகத்திலேயே தெரிந்தது. கண்ணுக்காரர் வாயைத் திறக்க நினைத்தார். தலைதான் ஆடியது, ஆமாம் என்று.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்க" என்றார் அந்த அலமாரியைச் செய்த தச்சர், திரும்பி வரும்போது.

அதற்குப்பிறகு கண்ணுக்காரர் புது வேலை எதையும் எடுக்கவில்லை. பழைய வாடிக்கையாளர்களின் வீடு வீடாகப் போனார். "சும்மா ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்" என்று அலமாரியைத் திறந்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஒரே வீட்டுக்கு ஒரே வாரத்தில் மூன்று தடவை போனதும் அவர்கள் கதவைத் திறக்கவில்லை.

அவர் மனைவி ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். மழை பெய்த ஒரு நாள் வேனுக்குள் குடை தேடப்போனவர், பிரிக்காத விசிறிப் பெட்டியோடு வந்தார்.

"ஏங்க, இது எந்த வீட்டுக்கு வாங்கினது?"

அவர் சுவரோரமாக அப்படியே சரிந்து உட்கார்ந்தார். மனைவிக்குப் புரிந்துவிட்டது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பக்கத்திலேயே இருந்தார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றார் கடைசியில். "போன உசுரு திரும்பியா வரப்போகுது?"

மூன்று வாரம் அவர் மூச்சு விடவில்லை. மனைவி பேசினால் அரை வார்த்தைதான் காதில் ஏறியது. பிறகு தச்சர் ஒரு சேதி கொண்டுவந்தார். டாக்டர் தன் மனைவியோடு பேசுவதையே நிறுத்திவிட்டாராம். அப்பனைக் கொன்றவள் என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டாராம். அந்தம்மா இப்போது அக்கா வீட்டு மாடியில் இருக்கிறாராம்.

மறுநாள் காலையிலேயே கண்ணுக்காரர் அங்கே போனார். மனைவி தடுக்கவில்லை, சட்டையை மட்டும் தேய்த்துக் கொடுத்தார்.

அந்தம்மா பிரிக்காத துணிப்பைகளுக்கு நடுவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பிளக்கை உருவியது, வாங்கிய விசிறி, வேன், பதினெட்டு வீடு, இரண்டு ஃபோன். அந்தம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். கோபப்படுவார், திட்டுவார், ஒருவேளை அழுதாவது பாரத்தை இறக்கிவைப்பார் என்றுதான் அவர் எண்ணியிருந்தார்.

"மாமா உங்களுக்கு ஃபோன் பண்ணாரா?"

"ஆமாம்மா. ரெண்டு தடவை."

"என்ன சொன்னார்?"

"கதவு சுடுதுன்னார்."

அந்தம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அதே வீட்டுலதான இருந்தேன். பக்கத்து ரூம்லதான் இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. பயந்திருப்பார். கதவைப் பத்தி மறுபடி பேச்செடுத்தா நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவேன்னு. வீட்டுல இருக்கிறவள விட்டுட்டு, எங்கயோ இருக்கிற உங்களக் கூப்பிட்டிருக்கார்."

"அம்மா, தப்பு என் மேலதாம்மா. அதைச் சொல்லத்தான்..."

"இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்" என்றார் அந்தம்மா. "கதவாலதான் போச்சுன்னு நெனச்சிருந்தேன். அது பரவாயில்ல." அவர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவர்கிட்டயும் போய்ச் சொல்லிடுங்க."

கிளினிக்கில் நோயாளிகளோடு நோயாளியாக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். டாக்டர் கை கழுவியபடியே கேட்டார். குழாயை மூட மறந்துவிட்டார்; தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"நீங்களும் அவளுமா சேர்ந்து..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. பிறகு, "வெளிய போங்க" என்றார், சத்தம் போடாமல்.

டாக்டர் புகார் எழுதிக்கொடுத்தார். விசாரணையில் கண்ணுக்காரர் எதையும் மறுக்கவில்லை. உரிமம் ரத்தானது. வேனை விற்றார்கள். டாக்டர் மனைவியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார் என்று அவர் காத்திருந்தார். அதற்காகவாவது சொன்னதில் ஒரு பொருள் இருக்கும் என்று. டாக்டர் கூப்பிடவில்லை. அந்தம்மாவும் போகவில்லை என்று தச்சர் சொன்னார். அதற்குமேல் தச்சரும் வருவதை நிறுத்திக்கொண்டார்.

இப்போது கண்ணுக்காரர் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இருக்கிறார். தட்டையாக வரும் அட்டையை மடித்துப் பெட்டியாக்கி நாடா ஒட்ட வேண்டும். அங்கே அவரை யாரும் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நல்லா இருக்கா வேலை?" என்று மனைவி ஒரே ஒரு தடவை கேட்டார். "கை பாட்டுக்குச் செய்யுது" என்றார் அவர்.

போன மாதம் வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அந்தம்மா ஏறினார். முன்வாசல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். மெலிந்துபோயிருந்தார்; கையில் ஒரு மருந்துப்பை. கண்ணுக்காரரைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. இறங்குவதற்கு முன்வாசல் ஒன்றுதான். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. எழுந்தால் அந்தம்மாவை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். அவர் எழவில்லை. பஸ் நகர்ந்தது. அடுத்த நிறுத்தத்திலும் அந்தம்மா இறங்கவில்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிப்போன பிறகு கண்டக்டர் வந்து அவர் தோளைத் தட்டினார்.

"என்னங்க, இறங்கலையா?"

"இறங்கணும்" என்றார். ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் இறங்கி, வந்த வழியே வீட்டைப் பார்த்து நடந்தார்.