இலந்தைக் காட்டில் திருடன் யார்?

மரம் வளர்க்கும் தொழிலில் மரத்தைத் தவிர எல்லோர் மேலும் சந்தேகம் வரும். ஒட்டகக்காரன், தண்ணி லாரி டிரைவர், பக்கத்து ரூம்காரன் என்று ஒருத்தனையும் விடமாட்டோம். கம்பெனி சாமானுக்குக் காவல் இருந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், அனுபவித்திருப்பீர்கள்.

நேராக்கும் வேலை

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குப் பாடம் காலை வாரிவிட, பம்பாயில் கப்பலேறி ஷார்ஜா வந்தேன். நகரத்திலிருந்து உள்ளே தள்ளி, தைத் என்கிற ஊர்ப் பக்கம், எனக்கு விசா கொடுத்த அரபி முதலாளி கஃபீலுக்கு ஓர் இலந்தைக் காடு. தானாக முளைத்த மரங்கள்தான். வேலி போட்டு, கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி, கட்டைக்கு விற்கப்போவதாகச் சொன்னார்கள். இலந்தையைப் பழத்துக்குத்தான் தெரியும். கட்டையை எவன் வாங்குவான்? அப்போதே எனக்குச் சந்தேகம்.

ஃபோர்மேன் கந்தசாமி அண்ணன் செங்கோட்டைக்காரர். ஊரில் தேக்குத் தோட்டம் பார்த்தவர். மரம் என்றால் நெட்டுக்குத்தலாக நிற்க வேண்டும் அவருக்கு. வளைந்த கிளையைக் கண்டால் ரம்பத்தை என் கையில் திணிப்பார். வெட்டியதெல்லாம் கேம்ப் அடுப்புக்குப் போகும். உடம்பெல்லாம் முள் கிழிக்க, “இது எதுக்குண்ணே?” என்று கேட்டேன்.

“கேள்வி கேக்கவா உன்னைக் கப்பலேத்துனாங்க? அறுடா!”

தாடிக்காரர்

ஒரு நாள் வெள்ளைத் தாடியோடு ஒரு அரபிக் கிழவர் வேலிக்குள் நின்றார். கையில் வில் மாதிரி வளைந்த பலகைத் துண்டு. அதை ஒவ்வொரு மரத்துக்கும் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நாங்கள் பாடுபட்டு நேராக்கிய மரங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. களவாட நோட்டம் விடுகிறார் என்று முடிவுகட்டி வழிமறித்தேன்.

அவர் பயப்படவில்லை. படகு கட்டும் மேஸ்திரியாம். படகுக்கு விலா எலும்பு மாதிரி உள்ளே வைக்கும் கட்டைக்கு, வளைந்தே வளர்ந்த இலந்தைக் கிளைதான் வேண்டுமாம். போன குளிரில் பார்த்து வைத்த கிளைகளைக் காணோம் என்று, என்னை மேலும் கீழும் பார்த்தபடி இந்தியில் கேட்டார்.

“திருடனைத் தேடுறியா, இல்ல நீயேதான் திருடனா?”

விசாரணை

தாடிக்காரர் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், மறுநாளே கஃபீல் ஜீப்பில் வந்து இறங்கினார். “என் கட்டையை வித்தது யார்?” கந்தசாமி அண்ணன் மார்பில் அடித்துக்கொண்டு, ஒரு மரம்கூடக் குறையவில்லை என்றார். அவர் சொன்னதும் நிஜம். மரமெல்லாம் நின்றது, கிளைதானே போனது! சந்தேகத்தைத் தண்ணி லாரி டிரைவர் பக்கம் தள்ளிவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “யாரும் விக்கலை. நாங்கதான் வெட்டினோம், சோறாக்கி எரிச்சோம்” என்று உடைத்துச் சொன்னேன். அடுப்படிக்கே கூட்டிப்போய்ச் சாம்பலைக் காட்டினேன். அண்ணன் என்னை முறைத்தார். கஃபீல் சாம்பலைச் செருப்பால் கிளறிப் பார்த்தார். என் பாஸ்போர்ட் அவரிடம்தான் இருந்தது.

“விலைபோற கட்டையை எரிக்கிற அளவுக்கு முட்டாள் உலகத்துல கிடையாது. உண்மையைச் சொல்லு, இல்லேன்னா அடுத்த கப்பல்ல நீ ஊருக்கு!”

செய்து காட்டு

வெள்ளிக்கிழமை கஃபீல் தாடிக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஊருக்குத் திரும்பிப்போய் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? அண்ணனோ அப்போதும் கம்பீரமாக, “பையன் உளறுறான், பாய். நான் கழிவைத்தான் கழிச்சேன்” என்றார். “அச்சா, எப்படிக் கழிக்கிறேன்னு காட்டு” என்றார் கஃபீல்.

அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தொழில் தெரிந்தவன் என்று நிரூபிக்க வேண்டாமா? ரம்பத்தை எடுத்தார். காட்டிலேயே மிச்சமிருந்த அழகான வளைவு, தாடிக்காரரின் பலகையை வைத்தால் அச்சாகப் பொருந்தும், அதன் அடியில் ரம்பப் பல்லை வைத்து இழுத்தார். தாடிக்காரர் “மாஃபி! மாஃபி! வேண்டாம்!” என்று கத்திக்கொண்டு ஓடி வருவதற்குள் பாதி அறுந்து, மீதி தன் பாரத்தில் முறிந்தது. அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தார்.

கஃபீல் கீழே கிடந்த கிளையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். “கலாஸ், முடிஞ்சுது. பையன் சொன்னது நிஜம். இதை ஒரு திருடன் செய்ய மாட்டான்.”

ஆக, இந்தத் தொழிலில் திருடன் என்ற பெயர் போக வேண்டுமானால் முட்டாள் என்ற பெயரை வாங்கிக்கொள்ள வேண்டும். நான் வாங்கிக்கொண்டேன், வேலை மிஞ்சியது.