பின்சந்து அடுப்படி

ரப்பர் விலை விழுந்ததில், தோட்டத்தில் என் வீட்டுக்காரர் பார்த்துவந்த, கணக்கெழுதும் கிராணி வேலை போனது. மலாக்கா டவுனில் இருந்த வீட்டை விற்றால்தான் கப்பலேறி ஊர் போய்ச் சேர முடியும். வாங்குவதற்கு ஒரு மாட்டுவண்டிக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள்.

அந்தப் பெண் மற்ற இடங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே அடுப்படியில் போய் நின்று, "அக்கினி மூலையிலேயே அடுப்பு வச்சிருக்கீங்களே அக்கா! இது ஒண்ணு போதும்லா" என்றாள். முன்பு அடுப்பு இருந்த ஈசான மூலை ஆகாதென்று, நாங்களே பலகையும் தகரமும் வாங்கிப் பின்சந்துப் பக்கம் நீட்டிக் கட்டிய அடுப்படி அது. முனிசிபலில் யாரையும் கேட்டுக் கட்டவில்லை. இடி என்றால் இடிக்க வேண்டியதுதான்.

"வாயத் தொறந்தே, கப்பல் போச்சு" என்று சொல்லிவிட்டார் என் வீட்டுக்காரர். அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் அடுப்படிக்குப் போகத் தோன்றும். தகரத்தில் காக்கை உட்கார்ந்தால்கூட, இடிக்க வந்துவிட்டார்கள் என்று ஓடினேன்.

நல்ல நாளைத் தவற விடக் கூடாதென்று, பத்திரத்தில் கையெழுத்தாகும் முன்பே அவர்கள் பால் காய்ச்ச வந்துவிட்டார்கள். பால் பொங்கிவிட்டால் நம் ஜனத்துக்கு அது சொந்த வீடு. அப்புறம் எந்தக் குறை தெரிந்தாலும் விட்டுப்போக மனம் வராது. புதுப் பானையின் விளிம்பில் நுரை கட்டத் தொடங்கியது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"இறக்கும்மா பானையை! இந்த அடுப்படிக்கு அனுமதி கிடையாது. என்னைக்கு வேணா இடிக்கச் சொல்லுவாங்க."

வண்டிக்காரர் துண்டால் பிடித்துப் பானையை இறக்கினார். "வா, போலாம்" என்றார் மனைவியிடம். என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று பயந்தேன். ஆனாலும் அத்தனை நாளில் அப்போதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

அவள் நகரவில்லை. கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வீடு முழுக்கவா இடிப்பாங்க?"

"இல்லம்மா, இது மட்டுந்தான்."

கொல்லையில் கிடந்த செங்கற்களைப் பொறுக்கிக்கொண்டுபோய்க் கூடத்தின் நடுவில் அடுப்பாக வைத்தாள். "இடிக்க முடியாத எடத்துல பொங்கட்டும். அந்த அடுப்படி நிக்கிற வரைக்கும் அங்க சமைச்சுக்கிறேன்" என்றாள். வண்டிக்காரர் விறகை எடுத்து வந்தார்.

விறகு பிடிக்காமல் கூடமெல்லாம் புகைந்தது. அதுவரை என் முகத்தைப் பார்க்காத என் வீட்டுக்காரர், மண்டியிட்டு அந்த அடுப்பை ஊதத் தொடங்கினார்.