கிழவி துன்னுச்சா?

கண்ணையனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்டிய காலத்தில், ஒரு நாள் மட்டம் போட்டால்கூட, 'சோம்பலா இருந்துச்சு' என்று மேஸ்திரியிடமே சொல்லித் திட்டு வாங்கியவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் நாற்பது நாள் விடாமல் பொய் எழுதினார் என்றால் எவன் நம்புவான்?

வில்லியனூருக்கு மேற்கே இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் குரங்குகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மனிதனின் மூளைக்கு வயசாவதும் குரங்கின் மூளைக்கு வயசாவதும் ஒரே மாதிரிதானா என்று அங்கே டாக்டர் அரங்கநாதன் ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணையன் இரண்டு கிண்ணங்களில் ஒன்றின் கீழே, குரங்கு பார்க்க, ஒரு மல்லாட்டைப் பருப்பை, அதாவது வேர்க்கடலையை, வைத்து மூடுவார். திரையை இழுத்துவிட்டு முப்பது எண்ணுவார். திரை விலகியதும் குரங்கு சரியான கிண்ணத்தைத் தொட்டால் தாளில் டிக். தவறினால் பெருக்கல் குறி.

பதினேழாம் நம்பர் பெட்டைக் குரங்குக்கு இருபத்து நான்கு வயது. பல் போய் முகத்தோல் தொங்கிவிட்டதால் கிழவி என்றே பெயர். ஆனால் பத்துக்கு ஒன்பது தடவை பருப்பை எடுத்துவிடும். எடுத்த கையோடு கம்பிக்கு வெளியே கையை நீட்டி, கண்ணையனின் முன்கையில் பேன் பார்க்கும்.

வீட்டில் நேர்மாறு. மனைவி தையலம்மாளுக்கு வயசு ஐம்பத்தெட்டுதான். முதலில் உலையில் அரிசி போட மறந்தாள். பிறகு பெற்ற மகள் பெயர் போயிற்று. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவரை வாசலில் மறித்து, "யாருய்யா நீ? எங்கூட்டுக்காரு வர்ற நேரம், போய்யா" என்றாள். பாவி மனுஷன் தெருவில் நின்று அழுதார்.

ஒன்றே ஒன்று அவளுக்கு நிலைத்திருந்தது. நன்றாக இருந்த நாளில் கிழவிக்கென்று தினம் அவித்த கிழங்கு ஒரு துண்டு கொடுத்தனுப்புவாள். புருஷனைத் தெரியாத நாளிலும், "கிழவி துன்னுச்சா?" என்று கேட்பாள். "துன்னுச்சு" என்பார் அவர். அது நிஜம்.

ஒரு நாள் துணிந்து டாக்டரிடம் கேட்டார்.

"சார், எங்கூட்டம்மா மறதிக்கு இன்னா மருந்து சார்?"

"இப்போதைக்கு இல்ல, கண்ணையன். மறதி வந்த கிழக் குரங்கு ஒண்ணு கிடைச்சா அது மூளையைப் பாடம் பண்ணிப் பார்க்கலாம். அப்பதான் ஒரு வழி பொறக்கும்."

பாடம்! அந்தச் சொல் கண்ணையனுக்குத் தெரியும். பாடம் பண்ணினால்தான் புகையிலை வாய்க்கு ஆகும். திருக்கனூரில் கருங்குரங்கு லேகியம் விற்கிறவனும், 'பாடம் பண்ணின சரக்கு' என்றுதான் கூவுவான். மூளையைப் பாடம் பண்ணினால் மூளைக்கு மருந்து. இதில் என்ன சந்தேகம்?

மறுநாள் கிழவி சரியாகத்தான் எடுத்தது. அவர் பெருக்கல் குறி போட்டார். "நீ இவ்ளோ ஞாபகத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்று அதனிடமே கேட்டார். அது வழக்கம்போல அவர் முன்கையில் பேன் பார்த்தது. ஆனாலும் நாற்பது நாள் போட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் தாள்களைப் புரட்டிவிட்டு, "சரி, கொண்டு வாங்க" என்றார். வேறு யார் போனாலும் கூண்டு மூலையில் ஒண்டிக்கொள்ளும் கிழவி, கண்ணையன் கை நீட்டியதும் ஏறித் தோளில் உட்கார்ந்தது. வழியெல்லாம் அவர் தலைமயிரைக் கிளறிக்கொண்டே வந்தது.

பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் தூக்குச்சட்டியோடு போய் நின்றார்.

"இது எதுக்கு?"

"மருந்து வாங்கிக்கத்தான் சார். பாடம் ஆயிருக்குமே."

டாக்டருக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. அலமாரியில் இருந்த கண்ணாடிச் சாடியைக் காட்டினார். தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்றில் பாதி மூளை கிடந்தது.

"பாடம்னா கெட்டுப்போகாம வைக்கிறது. இது மருந்து இல்ல, கண்ணையன். எனக்கே ஒண்ணும் புரியல. மீதிப் பாதியைச் சீவிப் பார்த்தேன். மறதி வந்த மனுஷங்க மூளையில கறை கறையா இருக்கும். இதுல பேருக்குத்தான் இருக்கு. இவ்வளவு சுத்தமான மூளை எப்படி மறந்துச்சு?"

"அது மறக்கல சார். நான்தான் பொய்யா எழுதினேன்."

டாக்டர் கத்தவில்லை. தாள்களைக் கிழித்துப் போட்டார். "நாளையிலேருந்து வராதீங்க" என்றார்.

காலிச் சட்டியோடு வீட்டுக்கு வந்தவரைத் தையலம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். யார் என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"கிழவி துன்னுச்சா?"

"துன்னுச்சு" என்றார்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தாள். பெயர்கள் போயின, பேச்சும் குறைந்தது. அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. தினம் கேட்டாள். பொய் சொல்லத் தெரியாத கண்ணையன் தினம் பதில் சொன்னார்.