கப்பல்காரர் வீட்டுக் கடல் வாசனை

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் மூக்கி என்றுதான் சொல்வார்கள். சோப்புத் தொழிற்சாலையில் வாசனை கலக்கும் பிரிவில் சேர்ந்த புதிதில், மூடிக் கிடந்த பீப்பாயைத் தாண்டிப் போகும்போதே "இதுல ரோஜா கெட்டுப்போச்சு சார்" என்று சொல்லியிருக்கிறாள். திறந்து பார்த்தால் அப்படியே கெட்டுப் போயிருந்தது. அன்றைக்கு மேற்பார்வையாளர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. "காரணப் பெயர்தானே, இருந்துட்டுப் போகட்டும்" என்பாள்.

தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனபோது மூக்கி அதன் பின்னால் போகவில்லை. வீட்டின் பின்னறையில் நீளமாக ஒரு மேஜையைப் போட்டாள். அலமாரி நிறையப் பழுப்புக் குப்பிகள், சொட்டுக்குழல்கள், முகர்ந்து பார்க்க நறுக்கி வைத்த காகிதப் பட்டைகள். உடம்பில் பூசிக்கொள்ளச் சின்னக் குப்பி, வீட்டில் தெளிக்கப் பெரிய குப்பி, குளியலறைக்கு மெழுகுவத்தி என்று வியாபாரம் சூடுபிடித்தது. அதில் சக்கைப்போடு போட்டது 'கடல் காற்று'. எலுமிச்சைத் தோல், புதினா, உப்புச் சாயலாக ஒன்று, வெட்டிய தர்பூசணியை நினைவுபடுத்தும் ஒரு திரவம், அவ்வளவுதான் சங்கதி. கல்லூரிப் பெண்களிலிருந்து பல் டாக்டரம்மா வரை வாங்கிப் போனார்கள்.

அவள் புருஷன் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தவர். வருஷத்தில் பாதி தண்ணீரில்தான் கழியும். ஒருவழியாக ஓய்வு வாங்கிக்கொண்டு பெட்டி படுக்கையோடு வீடு வந்து சேர்ந்தார். மறுநாளே பின்னறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேலையில்லாத மனுஷர் வேறெங்கே போவார்?

மூக்கி ஆசையாக ஒரு பட்டையை நீட்டினாள். "நம்ம கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இதுதான். கடல் காற்று. எப்படி இருக்கு, சொல்லுங்க."

அவர் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்து முகர்ந்தார். தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். "இதுவா கடல்? சலவைக்கடை."

மூக்கியின் முகம் சுண்டிப்போனது. கடலிலேயே குடித்தனம் நடத்தியவர் சொல்கிறார், எப்படித் தள்ளிவிடுவது? "அப்போ நிஜக் கடல் எப்படித்தான் இருக்குமாம்?"

"அதையெல்லாம் வாயால சொல்ல முடியாது. போய்ப் பாக்கணும்."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காலையிலேயே பஸ் பிடித்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் இறங்கினாள். பாறையில் ஒதுங்கிய கடற்பாசியை ஒரு பை நிறையப் பொறுக்கினாள். "ஏம்மா, மீனை விட்டுட்டுக் குப்பையை அள்றீங்க?" என்று வலை பின்னிக்கொண்டிருந்தவர் கேட்டார். "மீன் நாளைக்கு" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினாள். பாசியை நறுக்கி, ஸ்பிரிட்டில் ஊறப் போட்டு, ஜாடியை வெயில் படும் ஜன்னலில் வைத்தாள்.

நன்றாக ஊறிய பிறகு ஒரு நாள் ஜாடியின் மூடியைத் திறந்தாள். அவ்வளவுதான். நெடி குபீரென்று கிளம்பியது. மாடி வீட்டுத் தையல்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தடதடவென்று இறங்கி வந்தாள்.

"அக்கா, எலி எதுவும் செத்துக் கிடக்கா? அளவு கொடுக்க வந்தவங்க பாதியிலேயே ஓடிட்டாங்க!"

மூக்கிக்கே கண்ணில் தண்ணீர். ஓடி ஓடி ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் புருஷனோ, திறந்த ஜாடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தபடி காபியை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு ரெண்டு பேரும் இந்தக் குதி குதிக்கறீங்க?" என்றார்.

மூக்கி அப்படியே நின்றுவிட்டாள். தையல்காரியைச் சமாதானம் சொல்லி அனுப்பினாள். ஜாடியை மூடினாள். அலமாரியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். "புதுசா ஒன்னு கலந்திருக்கேன். பாருங்க."

அவர் கண்ணை மூடி முகர்ந்தார். "ம்... எலுமிச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"வெறும் காகிதம்ங்க அது."

அவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"எப்ப இருந்து?" என்றாள்.

"கடைசியா போன கப்பல்ல. சளி பிடிச்சுது. சளி போயிடுச்சு, வாசனை திரும்பி வரல."

"என்கிட்டகூடச் சொல்லத் தோணலையா?"

"உன்கிட்டதான் சொல்ல முடியல. நாள் பூரா உக்காந்து நீ கலக்கற. அதுல ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லாதவன் பக்கத்துல இருந்து என்ன பிரயோஜனம்?"

"அதுக்காகச் சலவைக்கடைன்னு சொல்லணுமா? நல்லா இருக்குன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"நல்லா இருக்குன்னா, எது நல்லா இருக்குன்னு குடைவ. மட்டம்னு சொன்னா கோபத்துல பேச்சு நின்னுடும்னு நினைச்சேன்."

வந்த கோபம் பாதி வழியில் சிரிப்பாக மாறிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முக்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டாள்.

"முகர வேண்டாம். ஞாபகம் இருக்குல்ல? அதைச் சொல்லுங்க."

அவர் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். "கீழ இயந்திர அறையில எப்பவும் டீசல் நெடி, சூடு. வேலை முடிஞ்சு இரும்புப் படி ஏறி, மேல் கதவைத் தள்ளுவேன். மூஞ்சியில முதல்ல குளிர்ச்சிதான் வந்து அறையும். வாசனைன்னு ஒன்னும் இருக்காது. அப்புறம்தான் நனைஞ்ச கயிறு, உப்பு. அதோட நம்ம சட்டையில ஒட்டியிருக்கிற எண்ணெய்."

"எண்ணெயும் வேணுமா?"

"அது இல்லாட்டி, அந்தக் காத்தோட அருமை எப்படித் தெரியும்?"

மூக்கி அன்றைக்கே தர்பூசணியைத் தூக்கி ஓரங்கட்டினாள். புதினாவை மெலிதாக்கி முன்னால் வைத்தாள். பாசிச் சாற்றை ஸ்பிரிட்டில் கரைத்து, அதை மறுபடி கரைத்து, நாற்றம் போய் ஈரம் மட்டும் மிஞ்சும் வரை கொண்டுவந்தாள். அடியில் தேவதாரு, அதற்கும் அடியில், எண்ணெய் நெடிக்காகத் தார்ப் புகை ஒரு பொட்டு. ஒவ்வொரு முறையும் தனக்கு மூக்கில் படுவதை அவருக்கு வார்த்தையால் சொல்வாள். "குளிர்ச்சி வந்து சட்டுனு போயிடுது. பின்னாடி மரம் மட்டும் நிக்குது."

"அப்போ கப்பல் இன்னும் கரையிலதான் நிக்குது. கயிறை ஏத்து" என்பார் அவர்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து பேசாத பேச்சையெல்லாம் அந்த மேஜையில் பேசித் தீர்த்தார்கள். முன்பெல்லாம் அவர் விடுமுறையில் வந்தால் சொந்தக்காரர் வீடு, ஒழுகும் குழாய் என்றே நாள் ஓடிவிடும்.

முதல் குப்பி பல் டாக்டரம்மாவுக்குப் போனது. அவருடைய நோயாளிகள் காத்திருக்கும் அறை நாலு பக்கமும் சுவர், ஜன்னலே கிடையாது. டாக்டரம்மா தெளித்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த தடித்த மனிதர் ஒருவர் தலையைத் தூக்கி, "யாராவது ஜன்னலைத் திறந்தீங்களா?" என்று கேட்டாராம். டாக்டரம்மா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மூக்கி அதை ஒரு எழுத்து விடாமல் புருஷனிடம் ஒப்பித்தாள். அவர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. "எனக்குப் பழசே போதும்கா. இதைப் பூசிக்கிட்டா மெக்கானிக்கைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றாள் தையல்காரி.

"நான் கட்டியிருக்கிறதே மெக்கானிக்கைத்தானே" என்றாள் மூக்கி. இரண்டையுமே விற்றாள்.

காது மூக்கு டாக்டரிடமும் அவரை இழுத்துக்கொண்டு போனாள். வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், காரமான வாசனைகளைத் தினமும் முகர்ந்து பழகுங்கள் என்றார் டாக்டர். அதிலிருந்து காலை காபிக்கு முன்னால் நாலு குப்பிகள் அவர் மூக்குக்கு எதிரே வரிசையாக வந்து போகும். அவரும் இப்போது பூசி மெழுகுவதில்லை. "ஒன்னும் தெரியல, அடுத்தது" என்று பட்டென்று சொல்லிவிடுவார்.

ஒரு காலை, கிராம்புக் குப்பியில் மட்டும் நின்றார். மறுபடி முகர்ந்தார்.

"வாசனைன்னு சொல்ல மாட்டேன். உள்ள என்னவோ சுரீர்னுச்சு."

மூக்கி குப்பியை மூடினாள். வாசலுக்குப் போய், கடை இன்று இல்லை என்று பலகையைத் திருப்பி மாட்டினாள். "சட்டையை மாத்துங்க, எங்கயாவது போயிட்டு வரலாம்" என்றாள்.